ஆரம்பிக்காத ஆராதனை

என் குரு என்னை விட ரெண்டு வயசு சின்னவரு. முதல் கோபமே அதுலதான்.

பேரு தயாளன். செமினரியில என் ஆய்வுக்கு கைடு. நான் அவர 'ஐயா'ம்பேன். அவரு என்னை 'டீச்சர்'ம்பாரு, நான் ஸ்கூல் வேலைய விட்டுட்டு இறையியல் படிக்க வந்தவங்கிறதால. அதக் கிண்டலா சொல்றாரா மரியாதையா சொல்றாரான்னு இன்னும் கண்டுபிடிக்க முடியல.

எங்க ஊர்ப்பக்கத்து சபைகள நடத்துற திருமண்டலத்துல ஆம்பளப் பசங்களுக்கு இளங்கலை முடிச்சதுமே ஆயராகிறதுக்கான குருப்பட்டம் குடுத்துருவாங்க. எனக்கு மட்டும், "முதுகலையும் முடிச்சிட்டு வாம்மா, பாப்போம்"னாங்க. சரி, முடிச்சிட்டே வாரேன், அப்ப என்ன சொல்லித் தட்டிக் கழிப்பீங்கன்னு பாக்கிறேன்னு கிளம்பி வந்தேன். வந்த எடத்துல இந்த மனுஷன்.

விதி இதுதான். டெர்ம் கடைசியில டீன் தலைமையில கமிட்டி கூடும். ஆய்வுல முன்னேற்றம் உண்டா இல்லையான்னு கைடு சொல்லணும். தொடர்ந்து ரெண்டு தடவ 'இல்ல'ன்னா ப்ரொபேஷன். மூணாவது தடவையும் 'இல்ல'ன்னா பெட்டியக் கட்டணும். ப்ரொபேஷன்ல இருக்கவங்க சாப்பல்ல முன்னாடி நின்னு ஆராதனை நடத்தக் கூடாது. ஞாயித்துக்கிழமை வெளி சபைகளுக்குப் பிரசங்கம் பண்ணவும் போகக் கூடாது.

எனக்கு ரெண்டு 'இல்ல' வந்தாச்சு. ரெண்டும் தயாளன் ஐயா சொன்னது.

ஞாயித்துக்கிழமை காலையில வேன் கிளம்பும். எல்லாரும் வெள்ளை அங்கிய மடிச்சு பையில வச்சுக்கிட்டு ஏறுவாங்க. என் கூடப் படிக்கிற கிதியோன் ஜன்னல்லருந்து தலைய நீட்டினான்.

"அக்கா, கேம்பஸ பத்திரமா பாத்துக்கங்க."

"நானும் நாயும் பாத்துக்கறோம். நீ போன தடவ மாதிரி பிரசங்கத்த மூணு எடத்துல முடிக்கப் போயி முடிக்காம இழுக்காத. ஒரே எடத்துல முடி."

வேன் முழுக்க சிரிப்பு. அப்புறம் வேன் போயிருச்சு. கேட் வரைக்கும் புழுதி நின்னுச்சு, அதுவும் அடங்கிருச்சு.

மெஸ் அக்கா சாம்பார மூடி வச்சுட்டு அவங்களும் கோயிலுக்குப் போயிருவாங்க. நீளமான டேபிள். எங்க உக்காரலாம்னு தட்டோட நின்னு யோசிப்பேன். யாருமே இல்லாத எடத்துல எங்க உக்காந்தா என்ன. ஆனாலும் யோசிப்பேன்.

மத்தியானத்துக்கு மேல அப்பா போன் பண்ணாரு. அப்பா எங்க ஊர் சர்ச்சுல கோயில்பிள்ளை. கோயிலக் கூட்டிப் பெருக்கி, காலையும் சாயங்காலமும் மணி அடிப்பாரு.

"ஏ ஜெமி, இன்னிக்கு எந்த சபையில பிரசங்கம்?"

"இங்க பக்கத்துலதான்ப்பா."

"கூட்டம் உண்டா?"

"உண்டுப்பா."

"மைக்கு?"

"அதுவும் இருந்திச்சு."

"அப்பம் சரி. மணி அடிக்கப் போவணும். வைக்கட்டா?"

வச்சிட்டாரு. போன் சூடா கையில இருந்துச்சு. ஜெமிமா, நீ எதிர்காலத்துல ஆயர், இப்பயே நல்லா பொய் சொல்றன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். அந்தக் கோபத்தோட நேரா தயாளன் ஐயா வீட்டுக்குப் போனேன். கேம்பஸ்குள்ளயேதான் வீடு. ஞாயித்துக்கிழமையில அவரும் எங்கயும் போறதில்ல.

சட்டைக்கு பட்டன் தைச்சிட்டு இருந்தாரு.

"வாங்க டீச்சர். டீ போடட்டுமா?"

"வேணாம். ஒரு கேள்வி கேக்க வந்தேன்."

"ஒண்ணுதானா?"

"என் மூணாவது அதிகாரத்த ரெண்டு தடவ திருப்பி அனுப்புனீங்க. அடிக்குறிப்பு பாதிப் பக்கத்துக்கு நிக்குது. நான் பாக்காத நூலகம் இல்ல. நீங்க அதுல எழுதுனது 'இதுல சபை எங்க?' அவ்வளவுதான். இதுக்குப் பேரு வழிகாட்டுறதா?"

ஊசியில நூல் கோத்துட்டே இருந்தாரு.

என் ஆய்வே சபையப் பத்தினதுதான். ஆராதனை முறையில ஆயருக்கு ஒரு வரி, சபைக்கு ஒரு வரி இருக்கும். ஆயர் "கர்த்தர் உங்களோடு இருப்பாராக"ம்பாரு. சபை "உம்மோடும் இருப்பாராக"ன்னு சொல்லணும். எங்க ஊர்ல ஆயர் மைக்க வாய்கிட்ட வச்சுக்கிட்டு ரெண்டு வரியையும் அவரே சொல்லிருவாரு. ஜனங்க வாயத் தொறக்கறதுக்குள்ள அடுத்த பக்கம் போயிருவாரு. சின்ன வயசுலருந்து அத பாத்து எரிஞ்சு எரிஞ்சுதான் இந்தத் தலைப்ப எடுத்தேன். அதுல போயி சபை எங்கன்னு கேக்குறாரு.

"ஐயா, முன்னூறு வருஷமா ஆயர்மார் எப்படி சபையோட வாய அடைச்சாங்கன்னு எழுதிருக்கேன். வேற எப்படி எழுதுறது?"

"நீங்க கடைசியா எப்ப பெஞ்சில உக்காந்து அந்த வரியச் சொன்னீங்க?"

"எனக்கு ஞாபகமில்ல. பெஞ்சில உக்கார நான் வேலைய விட்டுட்டு வரல. முன்னாடி நிக்கத்தான் வந்தேன்."

பட்டன இழுத்துப் பாத்தாரு. நூலப் பல்லால கடிச்சாரு. சட்டைய மாட்டிக்கிட்டு சாவிக்கொத்த எடுத்தாரு.

"எங்க போறீங்க? நான் இன்னும் முடிக்கல."

"சாயங்கால ஆராதனை."

"இன்னிக்கு ஞாயிறு. யாரு இருக்கா?"

"நடந்துட்டே பேசலாமே."

சாப்பல் வரைக்கும் பேசிட்டே போனேன். டீனக் குறை சொன்னேன், திருமண்டலத்தக் குறை சொன்னேன், என் வயசுல இன்னொருத்தி இருந்தா எப்பவோ ஓடிருப்பான்னு சொன்னேன். "ம்", "ம்"னு கேட்டுட்டே வந்தாரு. மணியடிச்சாரு. மரத்துலருந்து காக்கா பறந்துச்சு. வேற எதுவும் நடக்கல.

உள்ள போயி ஃபேன் போட்டாரு. நான் கடைசி பெஞ்சில உக்காந்தேன், கைய கட்டிக்கிட்டு. அவரு முன்னாடி போயி நின்னு புத்தகத்தத் தொறந்தாரு. காலி பெஞ்சுகளைப் பாத்தாரு.

"கர்த்தர் உங்களோடு இருப்பாராக."

நிறுத்துனாரு.

மறந்துட்டாருன்னு நினைச்சேன். இல்ல. காத்துட்டு இருந்தாரு. ஃபேன் 'டக் டக்'னு சுத்துச்சு. செவத்துல பல்லி ஒண்ணு ட்யூப்லைட் பக்கத்துல போயி நின்னுச்சு. நான் வாயத் தொறக்கல. ஏன் தொறக்கணும்? என்னை வெளிய தள்ளப் பாக்கிற ஆளுக்கு நான் எதுக்கு பதில் சொல்லணும்?

ரொம்ப நேரம் நின்னாரு. அப்புறம் புத்தகத்த மூடுனாரு. ஃபேன நிறுத்துனாரு. சாவி எடுத்துட்டு வெளிய வந்தாரு.

எனக்கு சிரிப்பு வந்துருச்சு. "என்ன, அதுக்குள்ள முடிஞ்சிருச்சா?"

"ஆரம்பிக்கலயே."

"நான் வராத ஞாயித்துக்கிழமையில எல்லாம்?"

"அன்னிக்கும் ஆரம்பிக்கல."

"ஒவ்வொரு வாரமும் வந்து, மணி அடிச்சு, ஒரு வரி சொல்லிட்டு, பூட்டிட்டுப் போறீங்களா?"

"ஆமா."

"இது பைத்தியக்காரத்தனம் ஐயா. அடுத்த வரிய நீங்களே சொல்லிட்டு மேல போக வேண்டியதுதான? யாரு கேக்கப் போறா?"

பூட்ட இழுத்துப் பாத்தாரு.

"அது என் வரி இல்ல டீச்சர்."

ராத்திரி சாப்பாட்டுல இத கிதியோன்கிட்ட சொன்னேன். அவன் தட்டுல இருந்த அப்பளத்த வச்சிட்டு சிரிச்சான்.

"உங்களுக்குத் தெரியாதாக்கா? அவர ஏன் எந்த சபையும் கூப்பிடறதில்லன்னு நினைக்கிறீங்க? ஜனங்க பதில் சொல்ற வரைக்கும் நின்னுட்டே இருப்பாரு. ஒரு கல்யாணத்துக்கு கூப்பிட்டிருக்காங்க. ஆராதனை முடியறதுக்குள்ள பிரியாணி ஆறிப் போச்சு. பொண்ணு வீட்டுக்காரங்க இப்பயும் அத சொல்லித் திட்டுறாங்க."

"இவருதான் என் தலையெழுத்த எழுதணுமாம்."

"அத விடுங்க. புதன்கிழமை கமிட்டி. கைடு 'முன்னேற்றம் உண்டு'ன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டா முடிஞ்சது. நாம வாயே தொறக்க வேண்டாம். பொண்ணு பாக்க வந்த எடம் மாதிரி தலையக் குனிஞ்சு உக்காந்திருந்தா போதும். எனக்கு அப்படித்தான் நடந்துச்சு. போயி காலுல விழுங்க."

"காலுலயா? என்னை விட சின்னவரு."

"அப்ப கையப் பிடிங்க."

அவன் டேபிள் நிறைய ஆளுங்க அந்தந்த சபைக் கதையப் பேசிட்டு இருந்தாங்க. எந்த ஊர்ல மீன் குழம்பு, எந்த ஊர்ல காணிக்கைத் தட்டு கீழ விழுந்துச்சுன்னு. எனக்குச் சொல்ல ஒரு கதையும் இல்ல. தட்டக் கழுவிட்டு ரூமுக்குப் போனேன்.

திங்கக்கிழமை வகுப்பு முடிஞ்சு வராந்தாவுல தயாளன் ஐயாவ நிறுத்துனேன். காலுல விழல, கையப் பிடிக்கல. கேட்டேன்.

"புதன்கிழமை எனக்காக ஒரு வார்த்தை சொல்லுவீங்களா?"

"மாட்டேன்."

"அப்ப 'இல்ல'ன்னு சொல்லப் போறீங்க."

"அதையும் சொல்ல மாட்டேன்."

"அப்ப வேற என்னத்தச் சொல்லுவீங்க?"

எனக்கு கண்ணுல தண்ணி வந்துருச்சு. கோபத்துலதான்.

"ஐயா, நான் திரும்பிப் போனா என்னை டீச்சரா மறுபடி சேத்துக்க மாட்டாங்க. ஆயராவும் ஆக்க மாட்டாங்க. ஊரே காத்துட்டு இருக்கு, 'நாங்க அப்பயே சொன்னோம்ல'ன்னு சொல்ல. எங்கப்பா நான் வாராவாரம் பிரசங்கம் பண்றேன்னு நினைச்சிட்டு இருக்காரு. உங்களுக்கு அதெல்லாம் ஒண்ணுமில்ல. உங்களுக்கு என்ன, காலி பெஞ்சோட பேசியே பழக்கம்."

சொன்ன பிறகுதான் அது எவ்வளவு பெரிய வார்த்தைன்னு தெரிஞ்சுச்சு. அவரு முகம் மாறல. தலைய மட்டும் ஆட்டுனாரு, நான் வகுப்புல சரியான பதில் சொன்ன மாதிரி. அப்புறம் போயிட்டாரு.

அன்னிக்கும் மறுநாளும் மூணாவது அதிகாரத்த எடுத்து வச்சுப் படிச்சேன். திட்டுறதுக்குத்தான் படிச்சேன். அவரு எங்க தப்புன்னு காட்டி, கமிட்டி முன்னாடி கிழிச்சுத் தொங்கவிடணும்னு.

நல்லாத்தான் எழுதிருந்தேன். ஒவ்வொரு பக்கத்துலயும் நான் பேசுறேன். ஆயர்மாரோட சண்டை போடுறேன், பழைய அறிஞர்களோட சண்டை போடுறேன். பெஞ்சில உக்காந்திருக்கிற ஒரு ஆள்கிட்டயாவது, "நீங்க இந்த வரியச் சொல்லும்போது என்ன நினைக்கிறீங்க"ன்னு நான் கேக்கல. எங்கப்பாகிட்டகூட கேக்கல. அவங்க சொல்ல வேண்டியத எல்லாம் நானே சொல்லிட்டு அடுத்த பக்கம் போயிருந்தேன்.

மூடி வச்சிட்டேன். அன்னிக்கு நல்லா எரிச்சலா இருந்துச்சு.

புதன்கிழமை. கமிட்டி ரூம்ல டீனும் இன்னும் மூணு பேராசிரியர்களும் உக்காந்திருந்தாங்க. தயாளன் ஐயா ஓரத்துல. அதே பட்டன் தைச்ச சட்டை. எனக்கு நடுவுல ஒரு நாற்காலி.

டீன் லேப்டாப்பப் பாத்துட்டே கேட்டாரு. "ஜெமிமா. ப்ரொபேஷன். மூணாவது ரிவ்யூ. தயாளன், முன்னேற்றம் உண்டா?"

தயாளன் ஐயா பதில் சொல்லல.

டீன் தலைய நிமித்துனாரு. "தயாளன்?"

ஐயா என்னைப் பாத்தாரு. முறைக்கல, கெஞ்சல, ஜாடை காட்டல. சும்மா பாத்துட்டு இருந்தாரு. ஒரு பேராசிரியர் தொண்டையக் கனைச்சாரு. இன்னொருத்தர் பேனாவ மூடித் தொறந்தாரு. மேல ஃபேன் சுத்துச்சு.

இந்த அமைதி எனக்குத் தெரியும். கடைசி பெஞ்சில கைய கட்டிக்கிட்டு நான் இதுல உக்காந்திருக்கேன்.

மனசுல ரெண்டு நாளா அடுக்கி வச்சதெல்லாம் இருந்துச்சு. பொம்பளைங்கிறது, வயசு, திருமண்டலம் போட்ட நிபந்தனை, எல்லாம். எதுவும் வாய்க்கு வரல.

"இல்லைங்கய்யா"ன்னேன்.

டீன் லேப்டாப்ப மூடுனாரு. "என்ன இல்ல?"

"முன்னேற்றம் இல்ல. அந்த அதிகாரம் சபையப் பத்தினது. அதுல சபையிலருந்து ஒருத்தர்கூட பேசல. நான்தான் பேசிருக்கேன்."

"விதி என்னன்னு தெரியும்ல?"

"தெரியும். பெட்டியக் கட்டச் சொன்னா கட்டுறேன். இன்னொரு டெர்ம் குடுத்தா வேணாம்னும் சொல்ல மாட்டேன்."

ஒரு பேராசிரியருக்கு சிரிப்பு வந்துருச்சு, அடக்கிக்கிட்டாரு. டீனுக்கு வரல.

"கைடு என்ன சொல்றீங்க?"

அப்பதான் தயாளன் ஐயா வாயத் தொறந்தாரு.

"இப்ப ஆரம்பிக்கலாம்."

என்னை வெளிய நிக்கச் சொன்னாங்க. ரொம்ப நேரம் நின்னேன். உள்ள டீன் சத்தம் கேட்டுச்சு, விதின்னு ஒண்ணு எதுக்கு இருக்குன்னு. கடைசியில கூப்பிட்டு சொன்னாங்க. இன்னும் ஒரே ஒரு டெர்ம். ப்ரொபேஷன் அப்படியே தொடரும். ஆராதனை நடத்தறது கிடையாது, பிரசங்கம் கிடையாது. இதுக்கு மேல கருணை கிடையாது.

ஞாயித்துக்கிழமை வந்துச்சு. வேன் போச்சு. சாம்பார மூடி வச்சிருந்தாங்க. தட்டோட கொஞ்ச நேரம் நின்னேன். அப்பா போன் அடிச்சுச்சு. எடுக்கல.

சாயங்காலம் சாப்பலுக்குப் போனப்ப ஐயா பூட்டத் தொறந்துட்டு இருந்தாரு.

"எங்கப்பா ஊர்க் கோயில்ல மணி அடிக்கிறவரு. நான் இங்க அடிக்கிறதுக்கு விதியில தடை இருக்கா?"ன்னு கேட்டேன்.

"நான் படிச்ச வரைக்கும் இல்ல."

கயித்தப் பிடிச்சேன். அப்பா அடிக்கிறத பாத்துப் பாத்துக் கை பழகியிருந்துச்சு. இழுத்துட்டு கயித்த உடனே விடக் கூடாது, கூடவே மேல போக விடணும். அடிச்சேன். காக்கா பறந்துச்சு.

கடைசி பெஞ்சில உக்காந்தேன். ஐயா முன்னாடி போயி புத்தகத்தத் தொறந்தாரு.

"கர்த்தர் உங்களோடு இருப்பாராக."

காலையிலருந்து நான் யார்கிட்டயும் ஒரு வார்த்தை பேசல, அவர்கிட்ட வாசல்ல கேட்டதத் தவிர. வாயத் தொறந்தேன், காத்து மட்டும்தான் வந்துச்சு. அவரு காத்துட்டு நின்னாரு. எனக்கு உதவி பண்ணல.

மறுபடி சொன்னேன்.

"உம்மோடும் இருப்பாராக."

அவ்வளவு பெரிய சாப்பல்ல என் குரல் எனக்கே யாரோடதோ மாதிரி கேட்டுச்சு. ஐயா பக்கத்தத் திருப்புனாரு. முதல் பக்கம் கை பட்டு பழுப்பேறிப் போயிருந்துச்சு, எனக்கு அவ்வளவு தூரத்துலருந்தே தெரிஞ்சுது. அடுத்த பக்கம் புதுசா ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. விரல நனைச்சுப் பிரிச்சாரு.

அவரு ஒரு வரி, நான் ஒரு வரி. கடைசி வரைக்கும் போனோம். வெளிய இருட்டத் தொடங்கிருச்சு.

ஃபேன நிறுத்திட்டு வந்தாரு. கதவச் சாத்தும்போது கேட்டேன். கேக்காம இருக்க முடியல.

"ஐயா, அன்னிக்கு கமிட்டியில நான் வாயத் தொறக்காமலே இருந்திருந்தா என்ன பண்ணிருப்பீங்க?"

"புத்தகத்த மூடியிருப்பேன்."

"என்னை அனுப்பிருப்பாங்க."

"ஆமா."

"அப்புறம்?"

"அடுத்த ஞாயித்துக்கிழமை வந்து மணி அடிச்சிருப்பேன்."

"நான்தான் ஊருக்குப் போயிருப்பேனே. யாருக்குன்னு அடிப்பீங்க?"

பூட்ட இழுத்துப் பாத்தாரு. சாவிய என் கையில குடுத்தாரு.

"உங்க அப்பா யாருக்கு அடிக்கிறாரு, டீச்சர்?"